சுவரில் ஒட்டிய நல்ல செய்தி

எங்கள் சங்கத்துப் பத்திரிகை மொத்தமே நாலு பக்கம். ரத்தம் சரியாக உறையாத பிறவி நோய் உள்ளவர்களுக்காக இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எங்கள் ஊரான பூர்வகெர்தோவில் அச்சடிக்கிறோம். 'அடிக்கிறோம்' என்றால் நான்தான். ஹீமோபிலியாக்காரரான என் கணவர் வீங்கிய முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு எழுத்துப்பிழை பார்ப்பார். மற்ற எல்லாம் என் தலையில். கடைசிப் பக்கத்தில் 'நம்மில் ஒருவர்' என்று ஒரு பகுதி வரும். இந்த முறை ரஸ்மினியைப் பற்றி எழுத உட்கார்ந்து மூன்று தடவை கிழித்துப் போட்டுவிட்டேன். அவளைப் பற்றி எழுதினால் நான் செய்த தப்பையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

ரஸ்மினிக்கு நாற்பத்தேழு வயது. அஜிபாராங் சந்தை வாசலில் மெந்தோவான் சுட்டு விற்கிறாள். தெம்பே என்கிற சோயா வில்லையை மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டு, பாதி வெந்ததுமே எடுத்துவிடுவாள். சட்டி ஓரம் பட்டாலே அவள் கை கன்றிப் போகும். சின்ன வயதில் மூக்கில் ரத்தம் வந்தால் பள்ளிக்கூடமே நின்று வேடிக்கை பார்க்குமாம். மாத விலக்கு வந்தால் பத்து நாள் படுக்கை. கேட்டால் ஊரில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: காத்து புகுந்திருக்கு.

காத்து புகுந்தால் செய்யும் வைத்தியம் தெரிந்ததுதானே. முதுகில் தைலம் தடவி, செப்புக் காசால் அழுத்தி இழுப்பார்கள். சிவந்தால் கொஞ்சம் காத்து, கறுத்தால் நிறையக் காத்து. ரஸ்மினி வீட்டில் பெண்களுக்குக் காசு பட்ட மாத்திரத்திலேயே கறுத்துவிடும். அதனால் ஊரில் அவர்களுக்கு 'காத்துக் குடும்பம்' என்றே பெயர். அவளுடைய அக்கா துமிரா, தலைப்பிரசவம் ஆன பன்னிரண்டாம் நாள் செத்துப்போனாள். அதற்கும் காத்துதான் காரணம் என்றார்கள். அப்போது ரஸ்மினிக்குப் பத்தொன்பது வயது.

அந்தப் பக்கத்தில் இப்படிக் காசு போடுவதில் பெரிய கை சுகிரா. உடம்பு பிடித்துவிடுவதும் அவள்தான், பிள்ளை பெற்றவளுக்கு வயிறு கட்டுவதும் அவள்தான். இந்த சுகிராவின் மகன் இர்வனுக்குத்தான் ரஸ்மினி தன் ஒரே மகள் நோவிதாவைக் கொடுத்தாள். பெண் பார்க்க வந்த அன்றே சுகிரா சொன்னாளாம்: "காத்துக் குடும்பம்னு தெரிஞ்சுதான் எடுக்கறேன். மருந்துதான் என் கையிலேயே இருக்கே."

மூன்று வருஷம் முன்னால் ரஸ்மினி ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். மூன்று நாள் ரத்தம் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பிப் பார்த்ததில் பெயர் தெரிந்தது: வான் வில்லிபிராண்ட். ரத்தம் உறையத் தேவையான ஒரு பொருள் பிறவியிலேயே குறைச்சல். ஆண், பெண் இரண்டு பேருக்கும் வரும். நாற்பத்து நாலு வயது வரைக்கும் காத்து என்று நம்பியது ரத்தம் என்று ஆகிவிட்டது.

எங்கள் கூட்டத்துக்கு முதல் தடவை வந்தபோது உள்ளே வராமல் கதவருகிலேயே நின்றாள். முன் வரிசையில் ஹீமோபிலியா நோயாளிகள், அது பெரும்பாலும் ஆண்களுக்கே வருவதால் எல்லாம் ஆண்கள். பின் வரிசையில் அவர்களுடைய அம்மாக்கள்.

"நான் எதுல உக்காரணும்க்கா?"

"உங்களுக்குத்தானே வியாதி? முன்னாடி உக்காருங்க."

"ஆம்பளைங்களோடயா? எனக்கே சந்தேகமா இருக்கு, எனக்கு இருக்கறது இவங்களுக்கு இருக்கற மாதிரிதானான்னு."

கடைசியில் இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். இன்று வரைக்கும் அங்கேதான் உட்காருகிறாள்.

போன வருஷம் நோவிதா கர்ப்பமானாள். ரஸ்மினிக்குத் தூக்கம் போயிற்று. தன்னிடம் இருப்பது மகளுக்கும் இருக்குமா? இருந்தால் பிரசவத்தில் துமிராவுக்கு ஆனது இவளுக்கும் ஆகிவிடுமா? ஏழாம் மாதம் பூ நீர் ஊற்றும் சடங்கு முடிந்த மறுநாள், சம்பந்திக்குத் தெரியாமல் மகளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். ரத்தத்தில் அந்தப் பொருளின் அளவு சரியாக இருக்கிறது என்று முடிவு வந்தது. ரஸ்மினி போனில் அழுதாள், நானும் அழுதேன். அந்த மாதப் பத்திரிகையில் முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டேன்: 'மகிழ்ச்சிச் செய்தி. ரஸ்மினியின் மகளுக்கு நோய் இல்லை.'

இர்வன் படித்துச் சொல்ல, சுகிரா அதை வெட்டியெடுத்து, உடம்பு பிடிக்கும் அறைச் சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாளாம், தன் கைமருந்தில் காத்தெல்லாம் ஓடிவிட்டது என்று.

ஒரு வாரம் கழித்து எங்கள் சங்கத்து டாக்டரம்மா போன் செய்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"யாரைக் கேட்டு அதைப் போட்டீங்க? கர்ப்பத்துல அந்த அளவு தானா ஏறும். நோய் இருக்கறவங்களுக்கும் சரியா இருக்கற மாதிரி காட்டும். புள்ளை பொறந்ததும் மளமளன்னு இறங்கும். ஆபத்தே அதுக்கப்புறம்தான்."

முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு போட்டவள் நான்தான். ஒரு திருத்தச் சீட்டு அடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பிரசவத்துக்குப் பிறகு என்ன பார்க்க வேண்டும், ரத்தப்போக்கு கூடினால் எந்த மருந்து, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது.

ரஸ்மினி சட்டியின் பக்கத்தில் நின்றே கேட்டாள். எண்ணெயில் மெந்தோவான் முழுசாக வெந்து முறுகியது. அதை அவள் கவனிக்கவே இல்லை.

"அப்ப எம் பொண்ணுக்கு இருக்கா, இல்லையா?"

"தெரியாது."

"போன வாரம் இல்லேன்னு போட்டீங்களே."

"தப்பாப் போட்டுட்டேன்."

"அப்ப இருக்கா?"

"அதுவும் தெரியாது, ரஸ்மினி. குழந்தை பிறந்து கொஞ்ச நாள் போனாத்தான் தெரியும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இருக்குன்னா பயப்படலாம். இல்லேன்னா நிம்மதியா இருக்கலாம். தெரியாதுன்னா நான் என்னக்கா பண்றது?"

எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

இரண்டு பேரும் சுகிரா வீட்டுக்குப் போனோம். அவள் யாரோ ஒருத்தியின் முதுகில் காசை இழுத்தபடியே பேசினாள். சீட்டைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன்.

"ஏன் பத்திரிகைக்காரம்மா, உங்க பேப்பர் என்ன புள்ளத்தாச்சியா? மாசத்துக்கு ஒரு மாதிரி மாறுதே."

"என் தப்புதாங்க."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா பஸ் ஏறி வந்தீங்க? அது எங்க ஊர்லயே நெறைய இருக்கு."

முதுகைக் காட்டிக்கொண்டிருந்தவள் குலுங்கிச் சிரித்தாள். ரஸ்மினி சிரிக்கவில்லை. "சம்பந்தி, உங்க கால்ல வேணா விழறேன். புள்ளை ஆஸ்பத்திரியில பொறக்கட்டும். நாப்பது நாள் அவ உடம்பைப் பிடிக்காதீங்க. வயித்தை இறுக்கிக் கட்டாதீங்க."

சுகிராவின் கை நின்றது. "என் மருமகளுக்கு நான் கை வைக்கக் கூடாது. அதானே சொல்ல வர்றே?"

அவள் சீட்டை என் கையிலிருந்து பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுப்புக்குப் போகும் என்றுதான் நினைத்தேன். சுவரில் இருந்த நல்ல செய்தி அங்கேயே இருந்தது.

பிள்ளை ஆஸ்பத்திரியிலேயே பிறந்தது. ஊர் மருத்துவச்சி சீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, தன்னால் முடியாது என்று அனுப்பிவிட்டாள். பெண் குழந்தை, சுகப்பிரசவம், எல்லோருக்கும் ஆகிற அளவு ரத்தம்தான். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் விருந்தில் நவ்ரா என்று பெயர் வைத்தார்கள். விருந்து முடிந்தும் ரஸ்மினி கிளம்பவில்லை. மகளின் கட்டில் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டாள். கடை பூட்டிக் கிடந்தது.

"சம்பந்தி வீட்டுல விருந்தாளியா வந்து பாயா ஆயிட்டா" என்று சுகிரா பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வாளாம். ரஸ்மினி தினமும் எனக்குப் போன் செய்தாள். "இன்னைக்கும் ஒண்ணுமில்லக்கா. நான் பைத்தியக்காரியா? இல்ல, இன்னும் வரலையா?" இருந்து பாருங்கள் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் நோவிதாவுக்கு உதிரப்போக்குக் கூடியது. அழுக்கு ரத்தம் வெளியே போவது நல்லது என்று கேட்டு வளர்ந்த பெண். அம்மா பதறுவாள் என்று சொல்லாமல் துணியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டு எழுந்தபோது தலை சுற்றியது. பக்கத்தில் நின்ற சுகிரா மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திக் கட்டிலில் விட்டாள். மத்தியானம் சோறு கொண்டு போனபோது அந்த மணிக்கட்டைப் பார்த்தாள். நாலு விரலும் பதிந்து, நாலும் நீலம் பாரித்திருந்தன.

சுகிரா தட்டைக் கீழே வைத்தாள். மருமகளின் இன்னொரு கையை எடுத்து, பெருவிரலை மெல்ல வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். விரல் வைத்த இடத்தில் ஒரு கறுப்பு எழும்பி வந்தது.

"ஏழாம் மாசம் கால் பிடிச்சு விட்டேன். அப்ப ஒண்ணுமே பதியலை" என்றாள். பிறகு ரஸ்மினியின் பக்கம் திரும்பினாள். "நான் அழுத்தவே இல்ல சம்பந்தி. அழுத்தாம காத்து வராது. இது காத்து இல்ல. எந்திரி. இர்வனை வண்டி கொண்டாரச் சொல்லு."

ஆஸ்பத்திரி வாசலில் என்ன வியாதி என்று கேட்டார்கள். இருக்கிறதா இல்லையா என்று நூறு தடவை கேட்ட ரஸ்மினிக்கு, அவர்களிடம் சொல்லத் தெரியவில்லை. சுகிராதான் இடுப்பிலிருந்து காசு டப்பாவை எடுத்தாள். உள்ளே தைலம், செப்புக் காசு, எட்டாக மடித்த என் திருத்தச் சீட்டு. அதை நர்ஸின் கையில் வைத்தாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. இதுல இருக்கற மருந்தைக் குடுங்க" என்றாள். எங்கள் டாக்டரம்மா போனில் பேசினார். மருந்து ஏறியது, இரண்டு பாட்டில் ரத்தமும் ஏறியது. சாயங்காலம் போக்கு அடங்கியது. நோவிதா பிழைத்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு சம்பந்திகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சுகிரா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பன்னெண்டாம் நாளு உன் அக்கா துமிரா என்கிட்டதான் வந்தா. தலை சுத்துதுன்னா. காசு போட்டேன். முதுகு பூரா கறுத்துது. இவ்வளவு காத்தை நான் எடுத்ததே இல்லேன்னு ஊர் பூரா பெருமையாச் சொன்னேன். சாயங்காலம் செத்துட்டா."

ரஸ்மினி எழுந்து போய் இரண்டு டம்ளர் இனிப்பு டீ வாங்கி வந்தாள். ஒன்றைச் சம்பந்தியின் கையில் வைத்தாள். இன்னொன்றைக் குடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, என்னைத் தனியே அழைத்தாள்.

"அக்கா, இவளை அடிக்கணும்னு இருக்கு. கையைப் பிடிச்சுக்கணும்னும் இருக்கு. எது சரி?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அந்த வீட்டுக்கு நான் எப்போதும் கொண்டு போன பதில் அதுதான்.

அதன் பிறகு இந்தக் கட்டுரை சம்பந்தமாக மூன்று தடவை போன் வந்தது. முதல் தடவை ரஸ்மினி, துமிரா விஷயத்தை எழுத வேண்டாம் என்றாள். இரண்டாம் தடவை, எழுதுங்கள், ஆனால் சம்பந்தி பெயர் வேண்டாம் என்றாள். மூன்றாம் தடவை, குழந்தையின் முப்பத்தைந்தாம் நாள் சடங்கன்று, பேசியது சுகிரா.

"என் பேரைப் போடு. மறைக்காதே. என்கிட்ட முதுகு காட்டினவங்க அதைப் பாத்தாத்தான் டெஸ்ட்டுக்கு வருவாங்க. சுவத்துல இருந்ததைக் கிழிச்சுட்டேன், அந்த இடத்துல இதை ஒட்டணும். இன்னொண்ணு. அழுத்தாமலே கறுத்த முதுகு எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. பதினோரு பேர். சொல்றேன், எழுதிக்கோ."

பேனாவை எடுத்துக்கொண்டு சொல்லுங்கள் என்றேன்.

"மொத பேரு நவ்ரா. வயசு முப்பத்தஞ்சு நாள். குளிப்பாட்டறப்ப முதுகுல என் விரல் பட்ட எடம் ஒண்ணு கறுத்துது, இன்னும் மாறலை. இப்ப டெஸ்ட் எடுத்தாலும் நம்ப முடியாதாம், பச்சக் குழந்தைக்கும் அளவு ஏறியே காட்டுமாம், டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இருக்கோ இல்லையோ, தெரியாது. அதையும் எழுதிக்கோ."