புடவையைக் கீழே வைக்கச் சொன்னவன்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மில், இரண்டு லாரி, விழுப்புரத்தில் ஆறு குடித்தனம் இருக்கும் லைன் வீடு, ஒரு அம்பாசிடர் கார், எல்லாம் நானாகச் சேர்த்தது. ஒருவரும் ஒரு செங்கல் எடுத்துக் கொடுத்ததில்லை. எண்பதுகளில் ஒரு குழந்தையைக் காப்பாற்றியதையும் இந்த வரிசையில்தான் வைப்பேன்.

லைன் வீட்டின் கடைசியில் என் லாரி டிரைவரும் அவன் மனைவியும் இருந்தார்கள். மூன்று மாதப் பெண் குழந்தை. ஒரு நாள் காலையில் தண்ணீர் மோட்டார் பார்க்கப் போனேன். வாசலில் கூட்டம். குழந்தை பால் குடிக்கவில்லை, உரம் விழுந்துவிட்டது என்றார்கள். கழுத்து சுளுக்கிய பிள்ளையைப் புடவையில் கிடத்தி, இரண்டு பேர் முனையைப் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டி உரம் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பக்கத்து ஊர் காணையிலிருந்து உரம் எடுக்கும் அம்மா வந்து, புடவையை விரித்தாகிவிட்டது.

எட்டிப் பார்த்தேன். உரம் விழுந்த பிள்ளை வீறிட்டு அழும். இது கண் சொருகித் துவண்டு கிடந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்ததாம், காய்ச்சல் இல்லை. உச்சிக்குழி உப்பியிருந்தது. புஜங்களில் விரல் பதிந்த நீலம்.

என் மில்லில் மூட்டை அடுக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஆள் இப்படித்தான் வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கினான். அசதி என்று விட்டுவிட்டோம். எழுந்திருக்கவில்லை.

"பொடவைய கீழ வைங்கம்மா. கொழந்தைய ஆட்டாதீங்க."

"மல்லாட்டை ஒடைக்கிறவருக்கு ஒரம் பத்தி இன்னா தெரியும்?" என்றாள் அந்த அம்மா. பெண்கள் சிரித்தார்கள்.

"அழுவுற புள்ளைக்கு நீங்க எடுங்க. இது அழுவல, பாருங்க."

சிரிப்பு நின்றது. தாய் குழந்தையின் தலையை அசையாமல் தாங்கிக்கொள்ள, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் காரை விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் பாதி வழியில் வாய் திறந்தான்.

"ரெண்டு நாளா தூங்கல மொதலாளி. அழுதுக்கினே இருந்தது. புடிச்சிக் குலுக்கிட்டேன். அடிக்கல."

அவனை லாரியை விட்டு இறங்கவிடாமல் அடுத்தடுத்து இரண்டு டிரிப் அனுப்பியது நான்தான்.

"டாக்டர்கிட்ட இத அப்படியே சொல்லு. மறைச்சா கொழந்த போயிடும்."

சொன்னான், அழுதுகொண்டே. அடிக்கவே வேண்டாம், குலுக்கினாலே பச்சைக் குழந்தைக்குத் தலைக்குள் ரத்தம் கசியும் என்றார் டாக்டர். இன்னும் ஒருமுறை உருட்டியிருந்தால் தாங்கியிருக்காது என்றார். குழந்தை பிழைத்தது. ஒரு கண் மட்டும் மங்கல்.

பனமலை சாமி காப்பாற்றியது என்று மொட்டை போட்டார்கள். போடட்டும். புடவையைக் கீழே வைக்கச் சொன்னது யார் என்பதையும் அந்தக் குடும்பம் சொல்ல வேண்டும். அந்த இரண்டு டிரிப்பை என் தலையில் போடட்டும், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இதையும் என் பேரில்தான் சொல்ல வேண்டும்.