நாலாம் நம்பர் கட்டில்

திண்டுக்கல்லில் தண்ணீர்ப் பஞ்சம் இல்லாத கோடை கிடையாது. ஊரே குடத்தோடு தெருக்குழாயில் நின்ற எண்பத்தாறாம் வருஷத்திலும், அரசு ஆஸ்பத்திரி ஆயா அய்யம்மாள் தன் பிரசவ வார்டுக்கு இரண்டு வாளித் தண்ணீரைச் சண்டை போட்டாவது பிடித்துவிடுவாள். கட்டில் துடைக்க வேண்டுமே.

வார்டில் பத்துக் கட்டில். ஒருத்தி பிள்ளையோடு வீட்டுக்குப் போனால், அடுத்தவள் வருவதற்குள் கிருமி கொல்லும் லைசால் கலந்த தண்ணீரில் துணியை முக்கி, ரெக்சின் மெத்தை, கம்பிகள், பக்கத்து ஸ்டூல் என்று ஒன்று விடாமல் துடைப்பாள். ஈரம் காயும்வரை யாரையும் உட்கார விடமாட்டாள். "செத்த நேரம் நில்லு ஆத்தா, காயட்டும்" என்று நிறைமாதக்காரிகளையும் நிற்க வைப்பதால், அவளைக் கரித்துக்கொட்டாத ஆளில்லை.

பதினாறு வருஷமாக இதே வேலை. யாரையும் லேசில் நம்பாத நர்ஸ் செபாஸ்தியம்மாள்கூட, அய்யம்மாள் துடைத்த கட்டிலைக் குனிந்து பார்ப்பதில்லை. மூக்கில் லைசால் வாடை ஏறினால் போதும், நோட்டில் டிக் அடித்துவிடுவார்.

நாலாம் நம்பர் கட்டிலுக்கு மட்டும் ராசிக் கட்டில் என்று ஒரு பெயர் இருந்தது. அதில் படுத்தவர்களுக்கு வரிசையாக ஏழு ஆண் பிள்ளைகள். எட்டாவதாகப் பெண் பிறந்ததை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. ராசி என்று வந்துவிட்டால் நம் ஜனங்களுக்குக் கணக்கு மறந்துவிடும். போகிறவர்கள் கட்டில் காலில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போவார்கள். வருகிறவர்கள், துடைத்தால் ராசி போய்விடும் என்று கெஞ்சுவார்கள். அய்யம்மாள் மசியமாட்டாள். "லைசாலுக்குப் பயந்து ஓடுறது என்னத்த ராசி" என்று கயிற்றை அறுத்துக் குப்பையில் போடுவாள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு நாள் மசிந்தாள்.

மகள் சூர்யகலாவை நத்தத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். முதல் இரண்டும் பெண். மூன்றாவதும் பெண்ணானால் மகனுக்கு வேறு இடம் பார்ப்பேன் என்று மாமியார் கருப்பாயி தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்கு வந்த சூர்யகலா, பையை இறக்கி வைத்ததுமே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலாம் கட்டில்காரி அன்று காலையில்தான் ஆண் பிள்ளையோடு போயிருந்தாள்.

"அம்மா, நாலாவதத் தொடைக்காதம்மா. எனக்கு அதக் குடு."

"கிறுக்கச்சி மாதிரிப் பேசாத. போனவ மூணு நாளாக் காய்ச்சல்ல கெடந்தவ."

"நீ தொடச்சு, பொட்டப் பிள்ளையாப் போச்சுன்னா நான் எங்க போறது? சொல்லும்மா."

அய்யம்மாள் கையை விடுவித்துக்கொண்டு வாளியைத் தூக்கினாள். மூன்றாம் கட்டிலைத் துடைத்தாள். ஐந்தாம் கட்டிலைத் துடைத்தாள். நாலாவதற்கு, அடியில் தரையில் மட்டும் லைசாலைத் தாராளமாக ஊற்றினாள். வாடை அடித்தது. செபாஸ்தியம்மாள் டிக் அடித்தார். ரெக்சின் கிழிசலில் இருந்த பழைய கறைமேல் புது விரிப்பை விரித்ததோடு சரி.

ஆண் பிள்ளைதான் பிறந்தது. கருப்பாயி வார்டு முழுக்கக் கற்கண்டு கொடுத்தாள். மூன்றாம் நாள் சூர்யகலாவுக்குக் குளிர் தூக்கிப் போட்டது. அடிவயிற்றைத் தொடவிடவில்லை.

"கட்டிலத் தொடச்சீங்கள்ல, அய்யம்மா?" என்று கேட்டார் செபாஸ்தியம்மாள்.

"தொடச்சேன் சிஸ்டர்."

மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஏழாம் நாள் பிணமாகத்தான் வந்தாள். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை. வேறு எதிலிருந்தும் வந்திருக்கலாம். அய்யம்மாள் அந்த 'இருக்கலாம்' பக்கமே போகவில்லை.

பேரனைக் கருப்பாயி தூக்கிக்கொண்டு போனாள். பெண் பிள்ளைகள் இரண்டும் அய்யம்மாளிடமே நின்றுவிட்டன. காரியம் முடிந்து வேலைக்கு வந்தவளுக்கு வார்டே ஆறுதல் சொன்னது. திருட்டுப் பொருளை வாங்குகிற மாதிரி ஒவ்வொரு ஆறுதலையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். அதைவிடப் பெரிய தண்டனையை யாரும் அவளுக்குக் கொடுத்திருக்க முடியாது.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு காலையில் கருப்பாயி வந்தாள். இடுப்பில் பேரன். பக்கத்தில் நிறைமாத வயிற்றோடு புது மருமகள் யுவராணி. ஆண் பிள்ளை பிறந்தும், மகனுக்கு வேறு இடம் பார்க்கத்தான் வேண்டியிருந்தது. கருப்பாயி நேராக நாலாம் கட்டிலுக்குப் போய் மஞ்சள் கயிறு கட்டினாள்.

"சம்பந்தி, நம்ம ராசா பொறந்த கட்டிலு. இவளுக்கும் இதையே குடுத்துரு. தொடச்சுக் கிடச்சு வச்சிராத."

அய்யம்மாள் வாளியை இறக்கி வைத்தாள். கயிற்றை அறுத்தாள். துணியைப் பிழிந்து தலைமாட்டுக் கம்பியிலிருந்து ஆரம்பித்தாள்.

"என்ன சம்பந்தி, சொல்லச் சொல்லத் தொடைக்கிற?"

"அன்னைக்கு நான் தொடைக்கல. எம் மக கேட்டான்னு விட்டுட்டேன். தரையில மட்டும் மருந்த ஊத்தி ஏமாத்துனேன். நாந்தான் அவளக் கொன்னேன்."

பின்னால் செபாஸ்தியம்மாள் நோட்டோடு நின்றிருந்தார். அய்யம்மாளுக்கு அது தெரியும், திரும்பவில்லை. கண்ணீர் ரெக்சின்மேல் சொட்டியது. அதையும் சேர்த்துத் துடைத்தாள்.

கால் கடுத்த யுவராணி உட்காரப் போனாள்.

"செத்த நேரம் நில்லு ஆத்தா," என்றாள் அய்யம்மாள். "காயட்டும்."