ஊறப்போடாத கருவாடு

சத்தியபாயின் கனவில் அன்றும் கடல் வந்தது. பொழியூரிலிருந்து மெல்ல நடந்து, பாறசாலையில் இருக்கும் அவள் அடுக்களைக்குள் ஏறி, அம்மிக்கல்லைச் சுற்றி வெள்ளையாக உறைந்து நின்றது. அவளுக்குப் பயமில்லை. அதற்குள் நின்றபடியே உப்பை அள்ளி அள்ளிச் சேர்த்தாள்.

விழித்தாலும் அதே வேலைதான். திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கொடி பிடித்த அவள் கணவன், தையற்காரன் ஜெயசிங், போலீசுக்குத் தப்பிக் காஞ்சிரங்குளத்தில் ஒரு தேங்காய்க் கொட்டகையில் பதுங்கியிருந்தான். கொட்டகைக்காரர் தரும் கஞ்சிக்கு இவள் போட்ட கருவாடுதான் கூட்டு. மீன்காரி திரேசம்மா அதைக் கூடைக்கு அடியில் ஒளித்துக் கொண்டுபோவாள். கெட்டுப்போகக் கூடாதே என்று ஒவ்வொரு தடவையும் சத்தியபாய் ஒரு பிடி உப்பு கூட்டிப் போட்டாள். அன்புக்கு அளவு தெரியுமா என்ன!

ஒரு மத்தியானம் திரேசம்மா வெறுங்கூடையோடு வந்து நின்றாள்.

“பொண்ணே, ஒனக்க மாப்பிளைக்கு காலும் மொகமும் வீங்கிப்போச்சு. உப்பு கூடிப்போச்சுன்னு வைத்தியரு சொல்லுதாரு. போலீசு வந்தா ஓடக்கூட ஒக்காது.”

“கருவாட்ட எப்பிடித் தின்னாரு?”

“நீ குடுத்தபடியே, கனல்ல சுட்டு.”

உப்புக் கருவாட்டை அரிசி கழுவின தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீர் மாற்றிய பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். கல்யாணமான நாள் முதல் தின்றவனுக்கு அது தெரியாது. தெரியாது என்பது இவளுக்கும் தோன்றவில்லை. காப்பாற்றுகிறேன் என்று நானே கொல்லப் பார்த்தேனே என்று அழுதாள். அழுதபடியே அவித்த கிழங்கைப் பொதிந்துகொண்டு திரேசம்மாவோடு நடந்தாள்.

கொட்டகையில் ஜெயசிங்கின் வீங்கிய காலை அவளால் பார்க்க முடியவில்லை. உப்பில்லாத கிழங்கை அவன் கையில் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த கருவாட்டைச் சட்டியில் தண்ணீர் விட்டு ஊறப்போட்டாள்.

“எட்டி, இத எதுக்கு வெள்ளத்தில போடுதே?”

“உப்பு போகண்டாமா? இது உங்களுக்கில்ல. பாத்துப் படிச்சு வையுங்க.”

“வீட்டிலயும் இப்பிடியாக்கும் செய்வியா?”

“பின்னே? தெனமும்.”

“நீ சொன்னதில்லியே.”

“நீங்க அடுக்களைக்கு வந்ததில்லியே.”

அவன் கிழங்கை மெல்லாமல் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். கலங்கிய தண்ணீருக்கு அடியில் மீன்கள் உயிர் வந்தவை போல லேசாக அசைந்தன.

வீக்கம் மெல்ல வடிந்தது. வழக்குகளும் ஓய்ந்து ஜெயசிங் வீடு திரும்பினான். பிறகு எல்லை பிரிந்து பாறசாலை கேரளத்தில் நின்றுவிட்ட அன்று, துக்கம் கேட்பதுபோல அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்தார்கள். ஜெயசிங் எல்லார் முன்னாலும் அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“இருங்க, வாறேன்,” என்று அடுக்களைக்குப் போய், கருவாட்டுச் சட்டியில் தண்ணீர் மாற்றினான்.