பெண் பார்க்கும் படலத்தில் ஒரு குக்குறுவான்

கனமூலை ஊர்த் தேங்காய் வியாபாரி சரீபுக்கு ஒரு வல்லமை உண்டு. காட்டுக்குள் எந்தக் குருவி கத்தினாலும் கண்ணால் காணாமலே பெயர் சொல்லிவிடுவார். அதைவிடப் பெரிய வல்லமை, பிழையாகச் சொன்னவரைத் திருத்தாமல் விடமாட்டார். கூகையை ஆந்தை என்று சொன்ன மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனிதர் ஒருவரை அவர் விடாப்பிடியாகத் திருத்தியதில், மகள் ஃபஸ்னாவுக்கு வந்த சம்பந்தம் வந்த வேனிலேயே திரும்பிப் போயிருந்தது.

ஆகவே இம்முறை மனைவி ஹவ்வா காலையிலேயே சட்டம் போட்டுவிட்டாள்.

"அல்லாஹ்வுக்காக, இண்டைக்குக் குருவிக் கதை எடுக்க வாணாம். ஆரு என்ன சொன்னாலும் ஓம் எண்டு மட்டும் சொல்லுங்க. இதுவும் போனா புள்ளைக்கு ஆரு வருவாங்க?"

புத்தளத்திலிருந்து மாப்பிள்ளையின் தகப்பன் ஃபைஸல் ஹாஜியார், மனைவி சித்தி ஸுலைஹாவோடு வந்து கதிரையில் அமர்ந்தார். வீடு பிடித்தது. இனிப்புக்கு வைத்த வட்டிலப்பம் இன்னும் பிடித்தது. நாள் குறிப்பதுதான் பாக்கி. அந்நேரம் பார்த்து, பின்பக்கத்துக் காட்டிலிருந்து தகரத்தில் சுத்தியல் விழுவதுபோல் 'டொக், டொக், டொக்' என்று ஒரு சத்தம்.

ஹாஜியார் விரலை உயர்த்தினார். "மரங்கொத்தி! எனக்குக் காது போதும், கண் தேவல்ல. சரிதானே, சரீப் நானா?"

சரீப் கதிரையின் நுனிக்கு வந்தார். மரங்கொத்தியாம்! கைக்குள் அடங்கும் பச்சைக் குருவி, குக்குறுவான், கிளையில் குந்திக்கொண்டு தொண்டையாலேயே கொட்டுகிற கொட்டு அது. பெயர் நாக்கின் நுனிவரை வந்து நின்று உதைத்தது. கதவோரம் ஹவ்வா கண்ணாலேயே அவரை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஓ... ஓம்," என்றார், மீன்முள்ளை விழுங்கியவர்போல்.

"என்ன வாப்பா ஓம்?" திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஃபஸ்னாவின் குரல் பாய்ந்தது. "அது குக்குறுவான். மரங்கொத்தி இப்பிடி ஒரே தாளத்துல கொட்டிக்கிட்டே இரிக்குமா?"

ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பாதி எழும்பிவிட்டார். வேன்காரனைத் தேடும் முகம். தான் கட்டிப்போட்ட நாக்கு மகளின் வாயில் முளைத்ததைக் கண்டு சரீப் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் சித்தி ஸுலைஹா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இரிங்க மனுசன்! கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து ஒங்கட கதைக்குத் தலையாட்டியே என்ட கழுத்துப் போச்சி. எங்கட குடும்பத்துல ஒங்கள எதிர்த்துக் கதைக்க ஒரு ஆள் கெடச்சிரிக்கு, உட்டுட்டுப் போவனா? புள்ள, வெளிய வா, ஒன்ட மொகத்தப் பாப்பம்!"

ஹாஜியார் எழும்பிய பாதியையும் மெதுவாகக் கதிரையில் இறக்கினார்.

"கலியாணத்தப் பெருநாளைக்குப் பொறகு வைப்பம்," என்றார், காட்டுப் பக்கம் திரும்பாமலே.