மருந்து கண்டுபிடிக்காத பூரணி

பூரணி பிறந்தது இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், அதாவது லயத்தில். அம்மா ஜீவராணி கொழுந்து எடுப்பவர். மகளை அவர் தேயிலை மலைப்பக்கமே விட்டதில்லை. பூரணி ஒரு கொழுந்துகூடக் கிள்ளியதில்லை. பௌதிகவியல் படித்தாள், முப்பத்தோராவது வயதில் கலாநிதிப் பட்ட ஆய்வை முடித்தாள்.

கொரோனா வைரஸுக்குள்ளும் இருக்கும் ஆர்.என்.ஏ. மூலக்கூறு நீண்ட நூல் போன்றது. அதன் பகுதிகளே ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மடியும். அதைத் தன்பக்கம் இழுக்கும் மேற்பரப்பு ஒன்று அருகே இருந்தால்? மடிந்தே கிடக்குமா, மடிப்பு அவிழ்ந்து அதில் படியுமா? எவ்வளவு இழுத்தால் அவிழும்? இதுதான் அவள் ஆய்வு. சோதனைக்குழாய் எதுவும் இல்லை, சமன்பாடுகளும் கணினியும்தான். ஆறு வருடம் அதிலேயே போனது.

விஷயம் தெரிந்து கொழும்பிலிருந்து ஒரு தொலைக்காட்சிக் குழு வந்தது. நிருபர் தர்ஷன் வந்ததும் வராததுமாக அம்மாவின் கூடையை எடுத்து நீட்டினார்.

"இதை மாட்டிக்கிட்டுச் செடிக்குள்ள நில்லுங்க மிஸ்."

"நான் கொழுந்து எடுக்கிறவ இல்லீங்க. என் வேலையைப் பத்திக் கேளுங்க, சொல்றேன்."

"அதெல்லாம் சனங்களுக்கு விளங்காது."

"மொதல்ல நீங்க கேட்டீங்களா?"

அவர் சிரித்தார். பூரணி கூடையைப் பிடுங்கி உள்ளே வைத்தாள். "ஒரு படந்தானே, நின்னுட்டுப் போயேன்" என்ற அம்மாமீதும் எரிந்து விழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை செய்தியில் யாரோ ஒரு பெண் தூரத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். 'கொழுந்து பறித்துக்கொண்டே கொரோனாவுக்கு மருந்து கண்டுபிடித்த மலையகப் பெண்!' என்றார்கள். மறுநாள் காலை பக்கத்து லயத்து இராமையா, மனைவியின் இருமலுக்கு மருந்து கேட்டு வாசலில் நின்றார். தன் வேலை மருந்தல்ல, நூல் போன்ற ஒன்றைப் பற்றிய கணக்கு என்று அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் பூரணிக்குக் கண் கலங்கிவிட்டது.

உடனே தர்ஷனை அழைத்தாள்.

"நல்லதாத்தானே சொன்னோம்?"

"பொய் சொன்னீங்க. கூடை இல்லாம எங்களைப் பார்க்கவே உங்களுக்குத் தெரியாதா?"

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

திருத்தம் கேட்டுத் தொலைக்காட்சி நிலையத்துக்கு மூன்று கடிதம் போட்டாள். பதில் இல்லை. நான்காவதை எழுதும்போது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இராமையாகிட்ட சொன்னியே, அந்த நூலு... இழுத்தா ஒரேயடியா அவுந்துருமா, கொஞ்சங்கொஞ்சமாவா?"

பூரணி பேனாவை வைத்தாள். கடைசி இரண்டு வருடமும் அவள் மண்டையை உடைத்துக்கொண்டது இதற்குத்தான். தாளில் வரைந்து காட்டினாள். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

அதனால் கோபம் தணிந்துவிடவில்லை, இன்னும் ஏறியது. "இதைக் கேட்க அந்த ஆளுக்கு என்ன வந்துச்சும்மா?" என்றாள். கடிதத்தை முடித்தாள். மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.