வான்கப்பல் ஏற்றி அக்கா நடத்திய கலியாணம்

அந்த மரக்கட்டை அச்சு உள்ளங்கை அளவுதான் இருக்கும். வாரந்தோறும் அக்காவின் தொடர்கதைத் தலைப்புக்கு மேலே அதை மை பூசி அச்சிடுவார்கள். அதில் செதுக்கியிருந்தது செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் வான்கப்பல். நீர்வேலியில் வாழைத் தோட்டத்துக்குள் வளர்ந்த அக்கா வரைந்து கொடுத்த படம் என்பதால், கூர்முனை மேலே பார்க்க நிறுத்திய வாழைப்பூப் பொத்தி போலவே கப்பல் இருந்தது. முதல் வாரம் அதைப் பார்த்துச் சிரித்த அச்சுக்கூடத்தார், சில வாரங்களில் எழுத்துக் கோக்கும் இடத்துக்கே வந்து நின்று கதையை வாசிக்கத் தொடங்கினார்கள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. நான் யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் அச்சுப்பிழை திருத்துபவனாக இருந்தேன். அக்கா உடுவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். புனைபெயரில்தான் எழுதினார், ஆனால் எழுதுவது யார் என்று ஊருக்கே தெரியும். விமானத்தைக்கூடக் கண்டிராத வாசகர்களுக்கு அவர் வான்வெளியை வீட்டுச் சாமான்களைக் கொண்டே விளக்கினார். கப்பலுக்குள் எடை என்பதே இல்லை. செம்பைச் சரித்தால் தண்ணீர் விழாது, உருண்டையாக மிதக்கும். கப்பலின் பாதையைக் கணக்கிடுபவள் கதாநாயகி. ஒருநாள் அவளுடைய பின்னல் மிதந்துபோய் இயந்திரக்காரனின் முகத்துக்கு முன்னால் நின்றது. அவன் அதை மெதுவாகப் பிடித்து அவள் தோளில் கொண்டுபோய் விட்டான். அவ்வளவுதான் காதல் காட்சி. அந்த வாரம் ஒரு பிரதியும் மிஞ்சவில்லை. சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோன எங்கள் ஐயாவிடம், “உங்கடை கப்பல்காரன் பின்னலைப் பிடிச்சவனாமே, இனிக் கட்டத்தானே வேணும்?” என்று கேட்டார்களாம். ஐயா, அடுக்கிய குலைகளையே திருப்பி அடுக்கினாராம்.

அவருக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் இருந்தது. கதாநாயகிக்கும் அக்காவுக்கும் ஒரே சாதகம்: ஏழாம் வீட்டில் செவ்வாய். அப்படிப்பட்ட பெண்ணைக் கட்டுகிறவன் நெடுநாள் இருக்கமாட்டான், அதே குற்றம் உள்ளவன்தான் மாப்பிள்ளையாக வேண்டும் என்பது ஊரின் நம்பிக்கை. கதாநாயகி மாப்பிள்ளை கிடைக்காமல்தான் கப்பலேறினாள். அக்காவுக்கு வந்த சம்பந்தங்களும் சாதகத்தை விரித்த பாயிலேயே முடிந்தன. கதை முடியும் தறுவாயில் சாவகச்சேரியிலிருந்து ஒரு கலியாணப் பேச்சு வந்தது. பிறந்த நேரத்தைச் சற்றுத் தள்ளி எழுதினால் செவ்வாய் ஆறாம் வீட்டுக்குப் போய்விடும் என்று ஐயா முடிவு செய்தார். அது பலரும் செய்கிற காரியந்தான்.

அதே கிழமை பத்திராதிபர் என்னைக் கூப்பிட்டார். கடைசி அத்தியாயம் அவர் மேசையில் இருந்தது. அதில் இருவரும் செவ்வாயில் இறங்கிக் கலியாணம் செய்கிறார்கள். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். காலுக்குக் கீழே கிடக்கும் கிரகத்துக்கு இனி எந்த வீடும் இல்லை. வானத்தில் ஏழாம் வீட்டில் நிற்பது பூமி. இங்கே பிறக்கப்போகும் பெண்களைப் பூமி என்ன செய்யும் என்று புருஷனிடம் கேட்கிறாள். பத்திராதிபருக்கு அது பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது.

“தம்பி, சாதகம் பிழையாய்க் கணிச்சது எண்டு கடைசியிலை ஒரு வரி போடச் சொல்லும். எல்லாரும் சந்தோசப்படுவினம்.”

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஐயாவும் அங்கே இருந்தார். அக்கா பத்திராதிபருக்கும் ஐயாவுக்கும் சேர்த்தே பதில் சொன்னார். குரல் உயரவில்லை.

“பிழையான சாதகக்காரி தப்பிவிடுவாள். சரியாய்க் கணிச்ச சாதகத்தோடை இருக்கிறவள் என்ன செய்யிறது? என்ரை நேரத்தையும் மாத்தவேண்டாம், அவளின்ரையையும் மாத்தவேண்டாம். பத்திராதிபருக்கு ஏலாதெண்டால் கப்பலைக் காணேல்லை எண்டு போடச் சொல்லு.”

“உதைச் சாவகச்சேரியார் வாசிச்சால் வரமாட்டினம், பிள்ளை,” என்றார் ஐயா.

“வாசியாமல் வந்து என்ன, ஐயா?”

கப்பலைக் காணவில்லை என்று போட்டால் வாசகர்கள் அச்சுக்கூடத்து வாசலுக்கே வந்துவிடுவார்கள் என்பது பத்திராதிபருக்குத் தெரியும். அத்தியாயம் ஒரு சொல்லும் மாறாமல் வெளிவந்தது. பிழை பார்த்தவன் நான். பிறகு எத்தனையோ பெரிய செய்திகள் என் கையால் போயிருக்கின்றன. அந்தப் பக்கத்தை அனுப்பியபோது இருந்த பெருமை வேறெதிலும் வரவில்லை. சாவகச்சேரிப் பேச்சு அத்தோடு நின்றது.

மாசிக்குப் பிறகு உடுப்பிட்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளைக்குச் செவ்வாய்க் குற்றம் இல்லை என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார். வந்தவர்கள் பாயில் இருக்கவும் விடாமல், மாற்றாத சாதகத்தைக் கையில் பிடித்தபடி ஐயா தொடங்கினார்.

“முதலே சொல்லிப்போடுறன். பிள்ளைக்கு ஏழிலை செவ்வாய்.”

மாப்பிள்ளையின் தகப்பன் சால்வையைச் சரிசெய்துகொண்டு பாயில் அமர்ந்தார்.

“தெரியும் அண்ணை. கடைசி அத்தியாயத்தை வாசிச்சுப்போட்டுத்தான் வெளிக்கிட்டனாங்கள். எங்கடை பெடியன்தான் வாசிக்கத் தந்தவன்.”

நாற்பது வருசம் கழித்து, அண்மையில், செவ்வாயில் இறங்கிய ஆளில்லாப் பொறி ஒன்று அனுப்பிய படம் பத்திரிகைகளில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு நெடுநேரம் பார்த்தார். கல்லும் மண்ணுமாகக் கிடந்தது. எழுபதைக் கடந்துவிட்ட அத்தான், அக்காவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“உதுதானோ என்னைக் கொல்ல இருந்தது?”

“அவசரப்படாதையுங்கோ,” என்றார் அக்கா. “இன்னும் காலம் கிடக்கு.”