குடைக்காரிக்கு நேர்ந்துகொண்ட குடை

என் அத்தை கட்டைவிரலால் நாவல் எழுதுகிறவர். அவர் பேனா பிடித்து நான் பார்த்ததில்லை. கல்யாணப் பத்திரிகை உறையில் நாலு பெயர் எழுதச் சொன்னால்கூட கை வலிக்கிறது என்று மாமாவிடம் தள்ளிவிடுவார். ஆனால் செல்போனைக் கையில் கொடுத்தால் போதும். திருநகரிலிருந்து பழங்காநத்தத்திலுள்ள ஓர் இரும்புக் கடைக்குப் பில் போடுகிற வேலைக்கு டவுன் பஸ்ஸில் போய்வந்தார். உட்கார இடம் கிடைத்த அன்று ஓர் அரண்மனை எழும்பும். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போன அன்று, மிச்சமிருக்கும் ஒற்றைக் கையால் ஒரு யுத்தம் நடந்து முடியும். ஒருமுறை ராட்சசன் ஒருவனை வெட்டும் மும்முரத்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு, வெயிலில் நடந்தே கடைக்குத் திரும்பியிருக்கிறார்.

எல்லாம் மாயாஜாலக் கதைகள். கதை போடுகிற ஒரு செயலியில் ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் ஒரு பாகம் வெளிவரும். வெளிவந்த மறுநிமிடம் வாசகர்கள் கீழே எழுத ஆரம்பிப்பார்கள். அத்தை ஒவ்வொருவருக்கும் பதில் போடுவார். திட்டியவர்களுக்கும் போடுவார். வெறும் படம் மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கும் பதிலுக்கு ஒரு படம் போகும். "மண்டப வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு பன்னீர் தெளிக்கிற மாதிரியில்ல இருக்கு ஒம் பொழப்பு" என்பார் மாமா. கேலிதானே தவிர, அத்தையின் முதல் நாவலைச் சொந்தச் செலவில் புத்தகமாகப் போட்டு, கட்டிலுக்கு அடியில் அடுக்கி, கேட்டவர்களுக்கெல்லாம் உறையின்மேல் அனுப்புநர் என்று வீட்டு விலாசத்தையும் எழுதித் தபாலில் அனுப்பியவரும் அவரேதான்.

முழுப்பரீட்சை லீவுக்கு என்னை அத்தை வீட்டில் விடுவார்கள். அப்போது நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். அத்தை எனக்குச் சாப்பாடு போடும்போதெல்லாம் அடுத்த பாகத்தை வாயால் சொல்லிப் பார்ப்பார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். என் கையைத்தான் பார்ப்பார். தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் கை நின்றுவிட்டால் அந்த இடம் தேறியது. கை பாட்டுக்கு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தால், "சரி, இங்க சவசவன்னு இருக்கு" என்று முனகிவிட்டு அந்த இடத்தை வெட்டிவிடுவார். தண்ணீர் டம்ளரை எடுத்தேன் என்றால் ஒரு மந்திரவாதியே காலி. இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. அத்தைக்கு நான் என்றால் உயிர், அதனால்தான் கதை சொல்லி ஊட்டாத குறையாகச் சோறு போடுகிறார் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷக் கதை, மேகங்களை யாரோ திருடிக்கொண்டு போன ஒரு நாட்டைப் பற்றியது. அந்த நாட்டில் ஒரு கண்மாய். கரையில் நிழலுக்கு ஒரு மரமில்லை. மொட்டை வெயிலில், களிமண்ணால் ஆன ஒரு தெய்வம் நின்று கரையைக் காவல் காக்கிறது. பெயர் குடைக்காரி. அவளுக்கு ஆடு வேண்டாம், கோழி வேண்டாம், பொங்கலும் வேண்டாம். நினைத்தது நடந்தால் ஒரு புதுக்குடை கொண்டுவந்து அவள் பக்கத்தில் விரித்து நட வேண்டும். வழியில் எவ்வளவு வெயில் அடித்தாலும் அதைப் பிரிக்கக் கூடாது. முதல் நிழல் அவளுக்கு. பழங்காநத்தம் பஸ் ஸ்டாப்பில் கூரை இல்லாமல் நின்று தலை காய்ந்த ஒரு மத்தியானத்தில் இந்தச் சாமி உதித்ததாக அத்தையே சொல்லியிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரவேண்டிய பாகத்தில் குடைக்காரி அழியப்போகிறாள். மேகங்கள் மீட்கப்பட்டு, பேய்மழை கொட்டி, கரை உடைந்து, களிமண் சாமி கரைந்து போகிறாள். எந்த மழைக்காகக் காவல் காத்தாளோ அதே மழையில் போகிறாள். சனிக்கிழமை அதை அத்தை எனக்குச் சொன்னபோது என் கையில் இட்லி காய்ந்தேபோனது. "இதுக்காகத்தான்டி இத்தன வாரமா எழுதுனேன்" என்று அத்தை என் தலையைத் தடவினார். எழுதி முடித்துத் தயாராக வைத்திருந்தார். மறுநாள் மாலையில் ஒரு பொத்தானைத் தொட வேண்டியதுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு வெந்துகொண்டிருந்த நேரம், வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார். என் அம்மாவைவிட வயது கூடியவர். முகமெல்லாம் வேர்வை, சேலை முதுகில் ஒட்டியிருந்தது. கையில் ஒரு புதுக்குடை. வளைந்த மரப்பிடி, மேலே கண்ணாடித்தாள் உறைகூடப் பிரிக்கவில்லை. குடையைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி வேர்வையில் நனைந்து வருகிறாரே, பிரிக்கத் தெரியாதோ என்று எனக்குத் தோன்றியது. உதவலாம் என்று கையை நீட்டினேன். அவர் சட்டென்று குடையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இல்ல பாப்பா, தொடக்கூடாது. கதை எழுதுறவுக வீடு இதுதான?"

பேரையூரிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கடையில் ஆளில்லாத நேரத்தில் செல்போனில் அத்தையின் கதைகளைப் படிப்பாராம். புத்தகமும் வாங்கியிருக்கிறார், உறையில் இருந்த விலாசத்தைப் பார்த்துத்தான் வந்தார். எழுதத் தயக்கம், அதனால் ஒவ்வொரு வாரமும் கும்பிடுகிற கை படத்தை மட்டும் போடுவாராம்.

அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆத்தி, வாராவாரம் கும்பிடு போடுறது நீங்கதானாக்கா?"

"நீங்களும் தவறாம திருப்பிப் போடுவீகளே தாயி. அதான் தைரியமா வந்தேன்." அவர் உட்காராமல் நின்றபடியே விஷயத்துக்கு வந்தார். "குடைக்காரிக்கு நேர்ந்துக்கிட்டேன். நடந்துருச்சு. கொண்டாந்துருக்கேன். எங்க வைக்கணும்?"

அத்தை கையைத் துடைத்துக்கொண்டே அடுக்களைக்குள் போனார். மாமா பின்னாலேயே போனார். நானும் போனேன். மாமா சிரிப்பை அடக்கமுடியாமல், "பக்கத்துல ஏதாச்சும் அம்மன் கோயில்ல வைக்கச் சொல்லி அனுப்பிருவோம். அது பாட்டுக்கு மனசு நெறஞ்சு போகட்டும்" என்றார்.

"ஏமாத்தச் சொல்றீகளா? என்னைய நம்பி வந்துருக்காக" என்று அத்தை சீறியதும் மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அத்தையின் கண் கலங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் நேர்ந்துகொண்டதைச் செலுத்தாமல் வைத்திருப்பது சின்ன விஷயம் இல்லை. அந்த அம்மாள் தூங்கமாட்டார். அடுத்து வீட்டில் ஒரு தலைவலி வந்தாலும் அதனால்தான் என்று அடித்துக்கொள்வார். அத்தை நேராக வெளியே போய், ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீக. அந்தச் சாமி நெசத்துல இல்ல. நானா உண்டாக்குனது. கோயிலும் கெடையாது, கண்மாயும் கெடையாது."

அந்த அம்மாள் அதிர்ச்சியடைவார் என்று நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் புன்னகைதான் செய்தார்.

"கதைன்னு எனக்குத் தெரியாதா தாயி? கடை யாவாரம் பண்றவளுக்கு இது தெரியாதா? அவ இல்லாதவதான். ஆனா ராத்திரியெல்லாம் அவகிட்டத்தான பேசிக்கிட்டுக் கெடந்தேன். அவகிட்டத்தான கேட்டேன். இப்ப நடந்துருச்சேன்னு வேற சாமிக்குக் குடுத்தா நல்லாவா இருக்கும்? அவ எங்க இருக்கான்னு ஒங்களுக்குத்தான தெரியும். அதான் ஒங்களக் கேக்குறேன்."

எத்தனையோ பேருக்குச் சளைக்காமல் பதில் எழுதுகிற அத்தை, எங்கள் வீட்டில் பதில் தெரியாத எல்லாச் சமயத்திலும் சொல்வதையே சொன்னார். "மொதல்ல ஒரு வாய் சாப்பிடுங்கக்கா."

என் பக்கத்தில் அவருக்கும் தட்டு வைத்தார்கள். குடை அவர் மடியிலேயே இருந்தது. அத்தை குழம்பை ஊற்றிவிட்டு, கொஞ்சம் தயங்கி, மாலையில் வரப்போகிற பாகத்தைச் சொல்ல ஆரம்பித்தார். தெரியாமல் மாலையில் கடையில் தனியாக உட்கார்ந்து படிப்பதைவிட, தன் வாயால் கேட்டுவிடட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். மழை வந்தது. கண்மாய் நிறைந்தது. கரையில் விரிசல் விழுந்தது. அந்த அம்மாளின் கை தட்டுக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. நான் அத்தையைப் பார்த்தேன். இதற்கு முன் கை நின்றால் பூரித்துப்போகிற அத்தை, அன்று அந்தக் கையைப் பார்க்கவே பயந்தவர்போல் இருந்தார். ஆனாலும் நிறுத்தவில்லை. குடைக்காரியின் பாதம் கரைந்தது. இடுப்பு கரைந்தது.

"போயிருவாளா?" என்றார் அந்த அம்மாள். அவ்வளவு மெதுவாக ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. "அப்ப எங்க குடையெல்லாம்?"

அத்தை கரண்டியை வைத்துவிட்டார். குக்கர் ஒருமுறை கத்தி ஓய்ந்தது. மாமா எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, வாசற்படியிலேயே நின்றுகொண்டார். அத்தை ஜன்னல் பக்கம் பார்த்தபடி, அவருக்கே முன்பின் தெரியாத ஒன்றைப் பார்த்துப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அவ போயிருவாக்கா. களிமண்ணுல்ல, மழையில நிக்க முடியுமா. ஆனா குடையெல்லாம் போகல. காத்துல பூராம் கவுந்து தண்ணியில விழுந்துருது. மல்லாந்து கெடக்கு, பரிசல் மாதிரி. கரை ஒடைஞ்சு ஊருக்குள்ள தண்ணி வருதுல்ல, கூரை மேல புள்ளைக கத்திக்கிட்டு நிக்குதுல்ல, அதுகள ஏத்திக்கிட்டு ஒண்ணொண்ணா மேட்டுக்குப் போகுது. யாரு யாரு என்னென்ன நெனச்சு நட்டாகளோ அம்புட்டுக் குடையும் போகுது. கடைசிப் பிள்ளைக்குக் குடை பத்தல. அப்ப ஒரு புதுக்குடை வருது. மரப்பிடி வளைஞ்சிருக்கு. வறண்ட சீமையில இருந்து ஒரு அம்மா அன்னைக்குக் காலையிலதான் நட்டுட்டுப் போனது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அத்தே, நேத்து இப்படிச் சொல்லலியே! குடையில எப்படி ஆள் ஒக்கார முடியும்? முங்கிராது?"

"முங்காது பாப்பா" என்றார் அந்த அம்மாள், அத்தையை முந்திக்கொண்டு. பிறகு குனிந்து, நின்றுபோன கவளத்தை வாயில் போட்டுக்கொண்டார். கண்ணில் வடிந்ததைத் துடைக்காமலே தட்டைக் காலி செய்தார்.

சாப்பிட்டதும், "நீங்க ஒக்காந்து எழுதுற எடம் எது தாயி?" என்று கேட்டார். லீவு நாளில் அத்தை எழுதுவது ஜன்னலோரத்து பிளாஸ்டிக் நாற்காலியில். அந்த அம்மாள் உறையைப் பிரித்து, குடையை விரித்து, நாற்காலியின் முதுகில் தன் கர்ச்சீப்பால் இறுகக் கட்டினார். எட்ட நின்று பார்த்தார். இரண்டு கையையும் கூப்பினார், செயலியில் போடுவாரே, அதே படம். அத்தை பதிலுக்குக் கைகூப்பினார். வீட்டுக்குள் குடை விரித்தால் ஆகாது என்று சொல்கிற மாமாவே வந்து, குடை சுவரில் இடிக்காதபடி நாற்காலியை நகர்த்திவைத்தார்.

அத்தை அந்த மாலை பாகத்தைப் போடவில்லை. வாசகர்கள் என்ன ஆச்சு, உடம்புக்கு முடியலியா என்று கேட்டுத் துளைத்தார்கள். எல்லாருக்கும் ஒரு நாள் பொறுங்கள் என்று பதில் எழுதிவிட்டு, குடைக்கு அடியில் உட்கார்ந்து, வாரக்கணக்கில் கட்டிவைத்த முடிவைக் கட்டைவிரலால் அழித்து மறுபடி எழுதினார். அவர் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் அழுததாகச் சொன்ன பாகம் அதுதான். குடை எப்படி மிதக்கும் என்று கேட்டவர்களும் உண்டு, அவர்களுக்கும் பொறுமையாகப் பதில் போனது. நான் மட்டும் சமாதானமாகவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்காக நல்ல கதையைக் கெடுத்துவிட்டார் என்பது என் கட்சி. கெடுத்த கதை ஏன் முந்தியதைவிட நன்றாக இருந்தது என்பதை யோசிக்க எனக்கு வெகுகாலம் பிடித்தது. இன்றைக்கும் அத்தை எழுதுகிறார். அவரைப்போல எழுதுகிற ஒருவரை நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் அந்த அம்மாளை பஸ் ஏற்றிவிட அத்தையோடு நானும் போனேன். வெயில் தாழவில்லை. அவர் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார். குடை நேர்ந்து அப்படி என்னதான் வேண்டிக்கொண்டார் என்று எனக்கு மண்டை வெடித்தது. புதையலோ, தீராத நோயோ, ஏதோ பெரிதாக இருக்கும். பஸ் வருவதற்குள் கேட்டேவிட்டேன்.

"எம்மக வீட்ட விட்டுப் போயி ரொம்ப நாளாச்சு பாப்பா. அவுக அப்பா பேச்சுவார்த்தையே கூடாதுன்னுட்டாரு. போன வாரம் அவளே போன் போட்டா."

"போன்ல என்ன சொன்னாக?"

"'சாப்ட்டியாம்மா'ன்னா. அம்புட்டுத்தான், வச்சுட்டா."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அத்தை என் கையை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒரே ஏமாற்றம். சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்டதற்கா இந்த வெயிலில் இவ்வளவு தூரம், ஒரு புதுக்குடை, ஒரு கண்மாயே உடைந்து திசைமாறியது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். வாசலில் மாமா நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும், "புள்ள ஏதாச்சும் சாப்ட்டுச்சா?" என்றார். நான் பதில்கூடச் சொல்லாமல் உள்ளே ஓடினேன்.